தாடையைத் தின்ற தீக்குச்சி

 

சுவரில் உரசினாலும் பற்றும். செருப்படியில் உரசினாலும் பற்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மக்கள் விரும்பி வாங்கிய தீக்குச்சி அது. அதன் தலையில் இருந்தது வெண்பாசுபரசு. அதைக் குழைத்தும் குச்சிகளை அடுக்கியும் பிழைத்தோரின் வாயில் அதன் ஆவி புகுந்தது. முதலில் பல் வலிக்கும், பல் விழும், பின்னர்த் தாடை எலும்பே அழுகிச் சீழ் வடியும். முடைநாற்றம் பொறாமல் வீட்டாரே ஒதுங்குவர். எலும்பை அறுத்தெடுப்பதே மருத்துவம்!

1888 சூலைத் திங்களில் கிழக்கு இலண்டனில் ஏறத்தாழ 1400 பெண்களும் சிறுமியரும் தீப்பெட்டித் தொழிற்சாலையை விட்டு வெளியேறினர். அவர்தம் நிலையை முன்பே ஏட்டில் எழுதி வெளிப்படுத்தியவர் அன்னி பெசண்டு. ஆம், பின்னாளில் அடையாற்றில் வந்து வாழ்ந்த அதே அம்மையார்தாம். அவருடைய பிற்காலக் கொள்கைகள் வேறு செய்தி. இப்பணியை மறைப்பது நேர்மையன்று. போராட்டத்தால் தண்டத்தொகை பிடிப்பது ஒழிந்தது. உண்ணத் தனியிடம் கிடைத்தது. நஞ்சோ அங்கேயே இருந்தது.

செம்பாசுபரசு என்னும் தீங்கற்ற மாற்றுப்பொருள் 1850களிலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. பின் ஏன் தடை வரவில்லை? 'நாம் நிறுத்தினால் அயல்நாட்டான் விற்பான்' என்பதே முதலாளிகளின் விடை. அது முழுப்பொய்யும் அன்று. பின்லாந்து 1872இலும் தென்மார்க்கு 1874இலும் துணிந்து தடுத்தன. சுவிட்சர்லாந்து 1879இல் சட்டம் இயற்றியது. கள்ளத்தனமாகக் குச்சி செய்வது பெருகவே 1882இல் அதனை நீக்கியது. 1898இல் மீண்டும் தடை விதித்தது. தனிநாடு ஒன்று தன் எல்லைக்குள் மட்டும் அறம் பேணுவது எத்துணை அரிது, பாருங்கள்!

எனவேதான் 1906 செப்டம்பர் 26ஆம் நாள் பெர்ன் நகரில் செருமனி, தென்மார்க்கு, பிரான்சு, இத்தாலி, இலக்சம்பர்க்கு, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. வெண்பாசுபரசுத் தீக்குச்சியைச் செய்வதும் இறக்குவதும் விற்பதும் கூடா என்பது முடிவு. உலகுக்கெல்லாம் நாகரிகம் கற்பிக்கப் புறப்பட்ட பிரித்தானியா அன்று கையெழுத்திடவில்லை! 1908இல்தான் சட்டம் இயற்றியது. அமெரிக்கா உடன்படிக்கையில் சேராமல், 1912இல் நூறு குச்சிக்கு இரண்டு செண்டு வரி விதித்து அத்தொழிலையே அழித்தது. 1919இல் பிறந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, தன் முதல் மாநாட்டிலேயே, எல்லா நாடுகளும் பெர்ன் உடன்படிக்கையில் சேரவேண்டும் எனப் பரிந்துரைத்தது.

இந்தியாவில் தடைச்சட்டம் வந்தது 1913இல். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920களில். அவ்வூர்ப் பெண்களும் சிறுவர்களும் பட்ட பாடு பெரிது. ஆயினும் தாடையைத் தின்னும் அந்நஞ்சு அவர்கள் கைக்கு வரவில்லை.