தப்பான விடைகளைப் படியுங்கள்



வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. கனவோடு இருக்கிற நம் பிள்ளைகள் பலர் ஜிமேட் தேர்வு எழுதுகிறார்கள். வெளிநாட்டு மேலாண்மைக் கல்லூரிகள் மட்டுமல்ல, ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் போன்ற இங்குள்ள கல்லூரிகளும் இந்த மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கின்றன. முதல் தடவை எழுதிவிட்டு, நினைத்த மதிப்பெண் வராமல், "நமக்கு இவ்வளவுதான்" என்று ஓய்ந்துபோகிறவர்களும் உண்டு. இன்றைய உரை முக்கியமாக அவர்களுக்காக. அவர்களில் பெரும்பாலோருக்கு அறிவில் குறையே இல்லை. படித்த முறையில்தான் குறை. முறையை மாற்றினால் மதிப்பெண் மாறும்.

முதலில் தேர்வைத் தெரிந்துகொள்வோம். 1953-இல் அமெரிக்காவில் ஒன்பது மேலாண்மைக் கல்லூரிகள் கூடி, மாணவர்களைத் தேர்ந்தெடுக்கப் பொதுவான ஒரு தேர்வு வேண்டும் என்று முயன்றதில் பிறந்தது இது. 2023 நவம்பரில் இதற்குப் புதிய வடிவம் வந்தது. இப்போது தேர்வு 2 மணி 15 நிமிடம். குவான்ட் எனப்படும் கணக்குப் பகுதியில் 21 கேள்விகள், வெர்பல் எனப்படும் ஆங்கில வாசிப்பு, தர்க்கப் பகுதியில் 23, டேட்டா இன்சைட்ஸ் எனப்படும் தரவுப் பகுதியில் 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்த மதிப்பெண் 205-இல் தொடங்கி 805 வரை போகும்.

இதில் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மூன்று பகுதிகளுக்கும் இப்போது சம மதிப்பு. பழைய தேர்வில் தரவுப் பகுதி மொத்த மதிப்பெண்ணில் சேரவில்லை. "நான் இன்ஜினியரிங் படித்தவன், கணக்கு கைகொடுக்கும்" என்ற தைரியம் இன்று மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பதில் சொல்லும். இன்னொன்று, பழைய 700-ஐ மனதில் வைத்துக்கொண்டு, புதிய தேர்வில் 645 வந்ததற்குக் கலங்குகிறார்கள். இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம்தான். அண்ணன் எழுதிய தேர்வின் எண்ணோடு தம்பியின் எண்ணை ஒப்பிடாதீர்கள்.

சரி, மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது? மாணவர்களைக் கேட்டால், "ஆயிரம் கேள்வி போட்டேன், இனி இரண்டாயிரம் போடப் போகிறேன்" என்கிறார்கள். எத்தனை கேள்வி போட்டோம் என்ற கணக்கு மனதுக்குத் தெம்பு தரும், மதிப்பெண் தராது. தெரிந்த வகைக் கேள்வியையே திரும்பத் திரும்பச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தால், தப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். மதிப்பெண் உயர வேண்டுமானால் தப்பான விடைகளைப் பாடப் புத்தகம்போல் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், கேட்டுக்கொண்டே நீங்களும் யோசித்துப் பாருங்கள். டேட்டா சஃபிஷியன்சி என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. அதில் விடையைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. விடை காண, கொடுத்த தகவல் போதுமா என்றுதான் கேட்பார்கள். ஓர் எண்ணின் மதிப்பு என்ன என்பது கேள்வி. முதல் தகவல், அந்த எண்ணின் வர்க்கம் 49. இரண்டாவது தகவல், அந்த எண் பூஜ்ஜியத்தைவிடப் பெரியது. இதில் எந்தத் தகவல் போதும்?

"வர்க்கம் 49 என்றால் எண் 7, முதல் தகவலே போதும்" என்று பலரும் சட்டென்று முடிவு கட்டுவார்கள். ஆனால் மைனஸ் 7-இன் வர்க்கமும் 49 தானே? ஆக முதல் தகவல் தனியாகப் போதாது. இரண்டாவதும் தனியாகப் போதாது. இரண்டையும் சேர்த்தால்தான் 7 என்று உறுதியாகிறது.

விடை தப்பு என்று தெரிந்ததும் மாணவர் என்ன செய்கிறார்? "அட, தெரிந்த கணக்குதான், கவனக்குறைவு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். மதிப்பெண் கைநழுவுவது இங்கேதான். கவனக்குறைவு என்று எழுதி வைத்தால் நாளைக்கு எதை மாற்றிக்கொள்வது? "வர்க்கம் வந்தால் குறை எண்ணையும் போட்டுப் பார்" என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு இதே பொறி வேறு வேடத்தில் வந்தாலும் கை தானாக நின்று யோசிக்கும்.

வெர்பலிலும் இப்படித்தான். ஓர் ஊரில் பேருந்துக் கட்டணத்தைக் குறைத்தார்கள், அடுத்த மாதமே பயணிகள் கூடினார்கள், ஆகவே கட்டணக் குறைப்புதான் காரணம் என்று ஒரு பத்தி. இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று கேள்வி. அதே மாதம் பெட்ரோல் விலை ஏறியது என்பது சரியான விடை. கட்டணக் குறைப்பால் நிர்வாகத்துக்கு நஷ்டம் என்பது பலர் தேர்ந்தெடுக்கும் தப்பான விடை. உலக நடப்புக்கு அது பொருத்தமாகத் தோன்றலாம், ஆனால் பயணிகள் ஏன் கூடினார்கள் என்பதை அது தொடவே இல்லை. இந்தத் தப்புக்கு நோட்டில் எழுத வேண்டிய வரி: "காரணம் இது என்று சொன்னால், வேறு காரணம் உண்டா என்று முதலில் கேள்."

தப்புகளை நான்கு வகையாகப் பிரித்து எழுதச் சொல்வேன். பாடமே தெரியாதது. பாடம் தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்தது. வழி தெரிந்தும் நேரம் போதாதது. குத்துமதிப்பாகப் போட்டது. இதில் கடைசி வகை சரியாக அமைந்துவிட்டாலும் தப்பு என்றே எழுத வேண்டும். இரண்டு வாரம் இப்படி எழுதினால் நோயின் பெயர் தெரிந்துவிடும். பாடம் தெரியாதவருக்குத்தான் பாடம் வேண்டும். கேள்வியைத் தப்பாகப் படிக்கிறவருக்கு நூறு சூத்திரம் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை.

இனி, அட்டவணை. வேலைக்குப் போகிறவருக்கு மூன்று மாதம் நியாயமான கால அளவு. தொடங்கும் நாளிலேயே ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பே இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஆர்வத்தில் இரண்டையும் முதல் வாரத்திலேயே எழுதித் தீர்த்துவிடாதீர்கள், ஒன்றைக் கடைசி மாதத்துக்கு வைத்திருங்கள். முதல் மாதம் அடிப்படை, நேரக் கணக்கு பார்க்காமல். இரண்டாம் மாதம் சிறு சிறு தொகுப்புகள், கடிகாரம் வைத்து. மூன்றாம் மாதம் வாரம் ஒரு முழுத் தேர்வு. முழுத் தேர்வு எழுதிய மறுநாள் புதுக் கேள்வி எதுவும் வேண்டாம், அந்தத் தேர்வின் தப்புகளை மட்டும் பாருங்கள்.

வார நாளில் ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் விடாமல். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரே மூச்சில் படித்ததைவிட, பல நாளாகப் பிரித்துப் படித்தது நிலைக்கிறது என்று அவர் அன்றே கண்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் எட்டு மணி நேரம் படிப்பதைவிட, தினமும் கொஞ்சம் படிப்பது மேல். நோட்டில் எழுதிய தப்பான கேள்வியைப் பத்து, பதினைந்து நாள் கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். அப்போதும் தப்பானால், இன்னும் கற்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, விட்டுவிடத் தெரிவது. குவான்டில் ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் கிடைக்கும். நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்தே எந்தக் கேள்வியையும் விடாதே என்று பழகியவர்கள். ஒரு கணக்கோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் மூன்று கேள்விகளைத் தொடாமலே விடுகிறார்கள். இந்தத் தேர்வில் முடிக்காத கேள்விக்குத் தண்டனை அதிகம். இரண்டரை நிமிடத்தில் வழி பிடிபடவில்லையென்றால் ஒரு விடையைத் தேர்ந்து, புக்மார்க் செய்துவிட்டு நகருங்கள். கடைசியில் நேரம் மிஞ்சினால் ஒரு பகுதியில் மூன்று விடைகள் வரை மாற்ற அனுமதி உண்டு. சரியாகப் போடப் போட, கணினி கடினமான கேள்விகளை அனுப்பும். ஆகவே கேள்வி கஷ்டமாக இருந்தால் மிரள வேண்டாம், நன்றாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புதிய வடிவத்தில் இலக்கணத் திருத்தக் கேள்விகள் இல்லை, கட்டுரையும் இல்லை. இருப்பது வாசிப்பும் தர்க்கமும். தர்க்கம் எந்த மொழிக்கும் பொது. தினமும் அறிவியல், பொருளாதாரம் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, ஆசிரியர் என்ன வாதிடுகிறார் என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதிப் பாருங்கள். வாதம் பிடிபடத் தொடங்கிவிட்டால் ஆங்கிலம் வழிவிடும்.

மறுபடி எழுதப் பயப்படாதீர்கள். 16 நாள் இடைவெளி விட்டு மீண்டும் எழுதலாம், பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை வரை அனுமதி. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறீர்கள். அனுப்பாத மதிப்பெண் கல்லூரிக்குத் தெரியாது. ஆனால் நோட்டைத் திறக்காமல் அவசரமாக மறுபடி எழுதினால் அதே மதிப்பெண்தான் திரும்ப வரும், கட்டணமும் சின்னத் தொகை அல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "எவ்வளவு வந்தது" என்று தினமும் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டேகால் மணி நேரம், பிள்ளை மாதிரித் தேர்வு எழுதும் அறையில் டிவி சத்தமும் விருந்தினர் பேச்சும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

மாணவர்களே, இன்றிரவு புதிய புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். கடைசியாக எழுதிய மாதிரித் தேர்வைத் திறந்து, பத்துத் தப்பான விடைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு நான் எதை மாற்றிச் செய்வேன் என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் அடுத்த மதிப்பெண் அந்தப் பத்து வரிகளிலிருந்துதான் தொடங்கும்.