செருப்போடு உள்ளே வாருங்கள்
(கிள்ளானில் புதிய வழக்கறிஞர் அலுவலகத் திறப்பின்போது ஆற்றிய உரை)



பதினோரு ஆண்டுகள் மளிகைக் கடைக்கு மேலே ஒரே அறையில் இருந்தோம். எங்கள் கோப்புகளில்கூட மிளகாய்த்தூள் வாசனை அடிக்கும். இப்போது கண்ணாடிக் கதவு, ஏர்கோன், மெத்தை நாற்காலி. முதல் நாள் உள்ளே நுழைந்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நம் மக்களும் நல்ல இடத்தில் உட்கார்ந்து பேசட்டுமே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு. பக்கத்தில் ஓர் அம்மா, கையில் பிளாஸ்டிக் பை.

"உள்ள வாங்கம்மா."

"பெரிய ஆபீஸா இருக்குங்க சார். காசு கேப்பாங்களோன்னு நின்னுட்டேன்."

தொழிற்சாலையில் 16 ஆண்டுகள் துப்புரவு வேலை செய்தவர். ஒரே ஒரு கடிதத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கடிதத்தின் தேதியை எண்ணிப் பார்த்தேன். 63 நாள்கள் ஆகியிருந்தன.

1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, நியாயமில்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறது. அதைத் தாண்டினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

"ஏம்மா முன்னாடியே வரல?"

"வந்தேங்க சார். பழைய இடம் பூட்டியிருந்துச்சு."

நாங்கள் இடம் மாறிய வாரம் அது. பழைய கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தோம், ஆங்கிலத்தில்! அந்த அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். முதலாளியின் அநியாயத்தைத் தட்டிக் கேட்கும் நாம் நமது அலட்சியத்தை மறைக்கலாமா? அவருடைய பாக்கிச் சம்பளத்திற்காகத் தொழிலாளர் இலாகாவில் மனு போட்டிருக்கிறோம். ஆனால் இழந்த வேலையைக் கேட்கும் உரிமை கைநழுவிப் போய்விட்டது. அதில் எங்களுக்கும் பங்குண்டு.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேலைநீக்கக் கடிதம் வந்த அன்றே நாளை எண்ணத் தொடங்குங்கள். ஞாயிறும் தீபாவளியும் அந்தக் கணக்கில் சேரும். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று முதலாளி சொன்னாலும், சங்கம் பேச்சுவார்த்தை நடத்தினாலும் அந்த 60 நாள் நிற்காது. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி மிரட்டினால் போடாதீர்கள். பயந்து போட்டுவிட்டாலும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவையும் வேலைநீக்கம் என்று வாதாட இடமுண்டு. புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. நீங்களே நேரில் போய்க் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் இங்கே வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

அந்த அம்மா வந்துபோன மறுநாளே கண்ணாடிக் கதவில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினோம்: "செருப்போடு உள்ளே வரலாம். கேட்பதற்குக் காசு இல்லை."

இது உங்கள் இடம். தயங்காமல் வாருங்கள், நாள் கடப்பதற்குள் வாருங்கள்.