நீலப் பொத்தானின் பின்னால்



மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் என்றதும் நம் ஊரில் எழுத்தாளர் சுஜாதாவைத்தான் நினைக்கிறோம். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் அதை உருவாக்கியவர்களில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நான் இன்று இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்ல வந்திருக்கிறேன்: ஏ.ஜி. ராவ், ரவி பூவையா. மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில்துறை வடிவமைப்பு மையத்தில் பேராசிரியர்களாக இருந்தவர்கள். பொறியாளர்கள் தந்த மின்சுற்று மக்கள் கைக்குப் பழகும் பெட்டியானதில் இவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

சாவடிக்குள் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி நுழைகிறார். காலமெல்லாம் சின்னம் பார்த்து முத்திரை குத்தியவர். அதே சின்னம், அதே போலத் தாளில் அச்சாகி, வரிசையாக இருக்கிறது. நேர் எதிரே நீலப் பொத்தான். அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. நீளமாக ஓசை கேட்கிறது. மறுபடி அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அலுவலர் தன் பெட்டியில் பொத்தானைத் தட்டினால்தான் அடுத்த ஓட்டு. வேட்பாளர் இல்லாத வரிசைகளில் பொத்தானே வெளியே தெரியாது. பார்வையற்றவர் தடவிப் பார்க்க பிரெயில் எண்கள் பின்னாளில் சேர்ந்தன. கரண்ட் இல்லாத மலைக்கிராமத்திலும் பேட்டரியில் ஓடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. அலுவலர் பெட்டியில் முடிவைக் காட்டும் பொத்தான்களுக்கு ஒரு மூடி. அந்த மூடிக்குத் தாள் முத்திரை, நூல், அரக்கு. கட்சி ஏஜெண்டுகள் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். பழைய ஓட்டுப்பெட்டியைக் கண்ணால் பார்த்து நம்பிய வழக்கத்துக்குப் புதிய பெட்டியிலும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

1982இல் கேரளத்தின் பரவூரில் 50 சாவடிகளில் தொடங்கிய முயற்சி, நீதிமன்றத்தில் தடைபட்டு, சட்டத் திருத்தம் கண்டு, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கப் போனது.

அந்தப் பெட்டி புழங்குகிறவரை நினைத்து வடிவானது. நம் தொழிற்சாலைகளில், அம்பத்தூரிலும் கோவையிலும், நாம் வடிவமைப்பாளரை எப்போது கூப்பிடுகிறோம்? மோட்டார் முடிந்து, வார்ப்பு அச்சான டையும் தயாரான பிறகு, "பார்வையா ஒரு கவர் போட்டுக் குடுங்க சார்" என்று! அதற்குப் பிறகு கைப்பிடியை ஒரு விரற்கடை நகர்த்துவதற்கும் டையை மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே தப்பான கைப்பிடி கடைக்கு வந்துவிடுகிறது. வாங்கியவர் மணிக்கட்டு வலியோடு வருஷக்கணக்கில் அதைத் தூக்குகிறார்.

இந்த அரங்கில் இருக்கும் தொழிலதிபர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் அடுத்த பொருளுக்கு முதல் படம் வரைவதற்கு முன்பே ஒரு வடிவமைப்பாளரைக் கூப்பிடுங்கள். அதைப் புழங்கப் போகிறவர் வீட்டு அடுப்படிக்கு, அவர் வேலை செய்யும் பட்டறைக்கு, அந்த வடிவமைப்பாளரை முதலில் அனுப்பிவையுங்கள்.