கம்ப்யூட்டருக்குள் வரும் ட்ரோஜன்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

ட்ரோஜனை நாமேதான் கதவைத் திறந்து உள்ளே விடுகிறோம்.

2014-ல் தென்பட்ட எமோடெட்டைப் பாருங்கள். நாம் ஒருவருடன் நடத்திய மின்னஞ்சல் உரையாடலைத் திருடி, அதற்கே பதில் போல, அவர் பெயரிலேயே வரும். கூடவே 'இன்வாய்ஸ்' என்று ஒரு வேர்டு ஃபைல். திறந்தால் 'எனேபிள் கன்டென்ட்' பட்டனை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் உள்ளே இருக்கும் மேக்ரோ இணையத்திலிருந்து ட்ரோஜனை இறக்கிவிடும். திரையில் ஒன்றும் தெரியாது. முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டு போகும். பின்னாலேயே வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் வேறு ட்ரோஜன்கள் வரும். 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸார் சேர்ந்து இதை முடக்கினார்கள். நவம்பரிலேயே திரும்பி வந்துவிட்டது!

தெரிந்தவர் அனுப்பியதாயிற்றே என்பீர்கள். கவுன்ட்டரில் தெரிந்த முகம் என்றாலும் கையெழுத்தைச் சரிபார்த்துத்தானே பணம் கொடுத்தோம்? போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் உடனே வைஃபையைத் துண்டியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம். அதற்கும் அடங்காவிட்டால் ஃபார்மேட்தான். ஆகவே பேரப்பிள்ளைகள் போட்டோவை இப்போதே தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றுங்கள், அதிலேயே அல்ல. பணம் போயிருந்தால் ஸ்கேனெல்லாம் அப்புறம். முதலில் வங்கிக்கும் 1930-க்கும் போன் செய்யுங்கள்.