பாகம் மாற்றுமுன் காரணம் காண்க



1970 முதல் 1977 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட ட்ரையம்ப் ஸ்டாக் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின், எட்டுச் சிலிண்டர் உடையது. அதன் உடல் வார்ப்பிரும்பு. தலைகள் இரண்டும் அலுமினியம். இவ்விரு உலோகங்களையும் தொட்டு ஓடும் தண்ணீரில் அரிப்புத் தடுப்பு மருந்து இல்லையாயின், மின்னிரசாயன மாற்றத்தால் அலுமினியம் அரிபடும். இரும்பும் துருப்பிடிக்கும். அக்கசடு சேறாகி றேடியேற்றரின் குழாய்களை அடைக்க, எஞ்சின் கொதிக்கும், தலை வளையும், காஸ்கெற் பழுதாகும்.

காஸ்கெற்றை மட்டும் மாற்றுவோர் பலர். அடைப்பு நீங்காமையால் மீண்டும் கொதிப்பே காண்பர். ஆதலின் முதலிற் சோதித்தல் வேண்டும். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறவுங்கள். தண்ணீர் செம்மண் நிறமாயின் உள்ளே துரு உண்டு. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின், அதனுள் தண்ணீர் புகுந்ததென ஐயுறலாம். அழுத்தச் சோதனை அவ்வையத்தைத் தெளிவிக்கும்.

தலையைக் கழற்றுதல் எளிதன்று. அதனைப் பிணிக்கும் உருக்குத் தண்டுகள் சாய்வாக நிற்பன; அரிப்பினால் அலுமினியத்தோடு இறுகிவிடுவன. வலிந்து நெம்பினால் தலை கெடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நாட்கணக்காயினும் பொறுத்திருங்கள். பின்னர் நேர்கோல் வைத்துத் தலையின் மட்டம் பாருங்கள், உட்சேற்றைக் கழுவுங்கள், அதன்பின்னரே புதிய பாகம் பூட்டுங்கள்.

உறைதடுப்பு மருந்து குளிர்நாட்டுக்கே உரியதெனக் கருதி வெறுந்தண்ணீர் ஊற்றுவோர் நம்மிடையே உளர். நம் நாட்டில் எஞ்சின் தண்ணீர் உறைவதில்லை; அரிப்போ நிகழ்கின்றது. அம்மருந்திலே அரிப்புத் தடுப்பும் கலந்துளது. அதன் வலிமை காலத்தாற் குன்றும். உரிய தவணையில் மாற்றுங்கள்.