குபோட்டாவா, சிபாங்கா?

(இரண்டு சில்லு உழவு இயந்திரம் வாங்க எண்ணியுள்ள மீள்குடியேறிய குடும்பங்களுக்கு ஆற்றப்பட்ட உரை)

 

நீங்கள் காணிக்குத் திரும்பிப் பற்றை வெட்டி, வரம்பு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து எங்களிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: “லாண்ட்மாஸ்டர் எடுத்தால் குபோட்டா எடுப்பதா, சிபாங் எடுப்பதா?” யார் செய்த இயந்திரமானாலும் நாங்கள் லாண்ட்மாஸ்டர் என்றுதான் சொல்கிறோம். அது ஓர் ஆங்கிலக் கொம்பனியின் பெயர். அந்தக் கொம்பனி விற்ற இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் எங்கள் நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்த்தன. பிற்காலத்தில் அவரே, மண்ணை இப்படிப் புரட்டிப் புரட்டி உழுவது எங்கள் மண்ணுக்கு நல்லதல்ல என்று சொல்லித் திரிந்தார். அது வேறு கதை.

வாங்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். சுழல் கலப்பை பூட்டி ஓர் ஏக்கரை ஒருமுறை உழ 3, 4 மணித்தியாலம் போகும். உங்களிடம் இரண்டு ஏக்கர் வயல் மட்டும் இருந்தால், காலபோகத்துக்குச் சில நாள் ஓடிவிட்டு இயந்திரம் கொட்டிலில் நிற்கும். கூலிக்குப் பிடித்து உழுவது மலிவு. அயலில் கூலி உழவு கிடைக்கும், பெட்டி பூட்டி மணலோ விறகோ ஏற்றலாம், ஓட்ட வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். குபோட்டா ஜப்பான் கொம்பனி. சிபாங் சீனாவில் செய்வது. சீன இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது எஸ் 195 வகை எஞ்சின்: ஒரு சிலிண்டர், 12 குதிரைவலு, நிமிடத்துக்கு 2000 சுற்று. எஞ்சின் மட்டுமே 140 கிலோவுக்குக் கிட்ட வரும். குபோட்டா எஞ்சின் அதே வலுவுக்குப் பாரம் குறைவு, அதிர்வும் குறைவு. நாள் முழுக்கக் கைபிடியைப் பிடித்து நடக்கிறவருக்கு அந்த வித்தியாசம் இரவில் தோளில் தெரியும். விலையோ குபோட்டாவுக்குக் கூட.

பாரம் கெட்டது என்று நினைக்க வேண்டாம். மேட்டுநிலத்தில், காய்ந்த செம்மண்ணில், பாரமான இயந்திரம் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். பெட்டி இழுக்கவும் அது உதவும். ஆனால் முருங்கன் பக்கத்துக் கருங்களி மண்ணில், ஆழச் சேற்றில் அதே பாரம் தாழும். தாழ்ந்தால் இரும்புக் கூட்டுச் சில்லு போட்டாலும் நாலு பேர் இறங்கித்தான் தூக்க வேண்டும். ஆகவே கொம்பனியைக் கேட்க முதல் உங்கள் வயலைக் கேளுங்கள்.

உதிரிப்பாகத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். எஸ் 195 எஞ்சினைச் சீனாவில் பல தொழிற்சாலைகள் ஒரே அளவில் செய்கின்றன. ஒன்றின் பிஸ்ரனும் றிங்கும் மற்றதற்குப் பொருந்தும், விலையும் குறைவு. ஆனால் சாமானின் தரம் கடைக்குக் கடை வேறு. குபோட்டாவின் அசல் சாமான் நின்று பிடிக்கும், ஆனால் விலை கூட. போலிச் சாமானும் அதே பெட்டியில் வரும். சிபாங் அடிக்கடி சின்ன வேலை கேட்கும், அந்த வேலையை ஊர் மெக்கானிக்கே செய்வார். குபோட்டா அரிதாகத்தான் நிற்கும், நின்றால் செலவு பெரிது. என் அபிப்பிராயம் இது: நிரந்தர முகவரும் சாமான் கடையும் ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருந்தால், காசும் பொறுத்தால், குபோட்டா எடுங்கள். உட்கிராமத்தில் இருந்தால், உங்கள் ஊர்த் தம்பி எந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவானோ அதை எடுங்கள்.

குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துகிற சகோதரிகளுக்கு ஒன்று. கான்டில் சுற்றி ஸ்ராட் பண்ணுவது உங்களால் முடியுமா என்று கடையிலேயே நீங்கள் சுற்றிப் பாருங்கள். அண்ணனோ கடைக்காரரோ சுற்றிக் காட்டுவது போதாது. சாவியில் ஸ்ராட் ஆகிற மாடல்களும் உண்டு. ஆள் வைத்துத்தான் ஓட்டுவதென்றால் அவருடைய சம்பளத்தையும் கணக்கில் போடுங்கள்.

டீசல் கணக்கைக் கடைக்காரரின் வாயால் கேட்டு நம்ப வேண்டாம். 12 குதிரைவலு எஞ்சின் முழுப்பாரத்தில் மணிக்கு இரண்டரை லீற்றருக்கு மேல் குடிக்கும். ஊரில் இரண்டு வகையும் வைத்திருப்பவர்களிடம் போங்கள். தாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஒரு மணித்தியாலம் உழுதுவிட்டு, அளவுப் போத்தலால் திரும்ப நிரப்பினால் உண்மை தெரியும்.

இனிப் பழைய இயந்திரம் வாங்குவது பற்றி. இதைச் சற்று நேரமெடுத்துச் சொல்கிறேன். 2009இல் எத்தனை குடும்பங்கள் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு இடம்பெயர்ந்து, கடைசியில் றோட்டிலும் வெளியிலும் விட்டுவிட்டு நடந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படி விடப்பட்டவை சில இப்போது புதுப் பெயின்ற்றோடு விற்பனைக்கு வருகின்றன. மலிவாக இருக்கிறதென்று எடுப்பீர்கள். அடுத்த சந்தையில் ஒருவர் வந்து, “இது என்ரை மெசின், இந்த ஒட்டு நான் போட்டது” என்பார். அவரும் உங்களைப் போலத் திரும்பி வந்தவர்தான். இயந்திரமும் போகும், காசும் போகும், முகமும் போகும். எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் துணியால் துடைத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கம் அராவப்பட்டிருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வாருங்கள். புத்தகம் தொலைந்துபோனது என்று சொன்னால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி எடுத்துத் தந்த பிறகு காசு தருவதாகச் சொல்லுங்கள். உங்களுடைய இயந்திரம் தொலைந்திருந்தால், இலக்கம் எழுதிய எந்தத் துண்டு, பழைய காப்புறுதிக் கடிதம், படம் இருந்தாலும் பத்திரமாக வையுங்கள்.

பெயின்ற்றை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்தவன். கியர்பெட்டி சத்தமே இல்லாமல் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தால், ஒயிலுக்குப் பதிலாகத் தடித்த கிறீஸ் அடைத்து வைத்திருந்தார்கள். பல்லுச் சில்லு மூன்று தேய்ந்து போயிருந்தது.

லீசிங்கில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தவணை மாதம் மாதம் வரும். நெல்லுக் காசு போகத்துக்கு ஒருமுறைதான் வரும், குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் சிறுபோகமே இல்லை. போகத்துக்கு ஒருமுறை கட்ட விடுவார்களா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள்.

இயந்திரம் வந்த சந்தோசத்தில் கண்ட காணிக்குள் இறக்க வேண்டாம். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதிப்படுத்தி உங்களிடம் கையளிக்கப்பட்ட நிலத்தில் மட்டும் உழுங்கள். மேலே மாடு மேய்ந்த இடமானாலும் கலப்பை இறங்கும் ஆழத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது. சந்தேகமான பொருள் தென்பட்டால் எஞ்சினை நிறுத்தி, வந்த தடத்தாலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள்.

குளக்கட்டால் பெட்டியோடு இறங்கும்போது இன்னொரு ஆபத்து. பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். சமநிலத்தில் பழகிய கை அங்கே பொய் சொல்லும். சின்னக் கியரில் இறங்குங்கள், இறக்கத்தில் திருப்புக் கிளச்சைத் தொடாதீர்கள். இது இரண்டு கொம்பனி இயந்திரத்துக்கும் ஒன்றுதான்.

கடைசியாக, வாங்கப் போகிற அன்று காலையில் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வர முதலே ஸ்ராட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறும் வரை இருங்கள், தேத்தண்ணி தருவார்கள். ஆறின எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகைக்கிறது என்று பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.