சிங்க் வாங்கப் போறீங்களா? வடிதட்டு வேணுமா, வேண்டாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வங்கிக் கடன், சந்தா, தணிக்கை என்று பேசுகிற இடத்தில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு என்ன வேலை என்று நினைக்கலாம். ஆனால் அந்தநல்லூர், மணிகண்டம், மண்ணச்சநல்லூர் என்று எந்தப் பக்கம் கூட்டத்துக்குப் போனாலும், கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து கேட்கிறார்கள். "மேடம், வீடு கட்டறோம். அடுப்படியில சிங்க் வைக்கச் சொல்றாரு மேஸ்திரி. தட்டு வச்சது வாங்கவா, தட்டு இல்லாதது வாங்கவா?"

இது சின்னக் கேள்வி இல்லை. 2016-ல் தொடங்கிய பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் 25 சதுர மீட்டர் வீட்டுக்குள் சுத்தமான சமையல் இடமும் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. 25 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 269 சதுர அடி. 2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு, வீட்டுக்கே குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர். ஆக, வீடு சின்னது, அடுப்படி அதைவிடச் சின்னது, ஆனால் குழாய் உள்ளே வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கேள்வி இப்போது வருகிறது. ஒருமுறை கல்லை வெட்டி சிங்கைப் பதித்துவிட்டால், பிடிக்கவில்லை என்று மாற்றுவது லேசில்லை. இருபது வருஷம் அதன் முன்னால் நிற்கப்போவது மேஸ்திரி இல்லை, நாம்தான்.

எத்தனை நேரம் நிற்கிறோம்?

ஒரு கணக்குப் போடுவோம். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சேர்த்துப் பாத்திரம் தேய்க்க, கழுவ, எடுத்து வைக்க ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 547 மணி நேரம். நாற்பது வருஷத்துக்கு ஏறக்குறைய 21,900 மணி நேரம். இதற்கு யாராவது கூலி கொடுத்தார்களா? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காகச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்களுக்கு 88 நிமிடம்.

இதே கணக்கை நமக்கு முன்னாடி ஒரு பெண் போட்டிருக்கிறார். ஐரோப்பாவில் பின்லாந்து நாட்டில் மாய்யு கெப்ஹார்டு என்ற அம்மா, வேலைத்திறன் நிறுவனம் ஒன்றில் வீட்டு வேலைப் பிரிவைக் கவனித்தவர். ஒரு குடும்பத்தில் பாத்திரம் கழுவவும் துடைக்கவும் வாழ்நாளில் கிட்டத்தட்ட 30,000 மணி நேரம் போகிறது என்று அவர் கணக்கிட்டார். இரவு பகலாக நின்றால் மூன்றரை வருஷம்! கழுவுவதைத் தவிர்க்க முடியாது, ஆனால் துடைப்பதைத் தவிர்க்கலாமே என்று யோசித்தார். 1940-களில் சிங்குக்கு நேர் மேலே சுவரில், அடிப்பலகை இல்லாமல் கம்பித் தட்டு மட்டும் வைத்த ஓர் அலமாரியை உருவாக்கினார். கழுவிய பாத்திரத்தை அங்கே வைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக சிங்கிலேயே விழும். துடைக்கவும் வேண்டாம், எடுத்து அடுக்கவும் வேண்டாம். இன்றைக்கும் அந்த நாட்டு வீடுகளில் அது சாதாரணமாக இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி நமக்கு உதவும்.

நம்ம ஊர்ப் பழக்கம் என்ன?

வடிதட்டு நமக்குப் புதுசு இல்லை. பழைய வீடுகளில் அங்கணம் என்று ஒன்று உண்டு. சரிவாகத் தளம் போட்டு, சுற்றிக் கரை கட்டி, ஓரத்தில் தண்ணீர் போக ஓட்டை வைத்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளில் கொல்லைப் பக்கம் கிணற்றடி. அங்கே தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்தால் வெயில் காய வைத்துவிடும். அங்கணத்தின் சரிவுதான் வடிதட்டு. இப்போது அதே தெருக்களில் அடுக்குமாடி வந்துவிட்டது. கொல்லையும் போச்சு, வெயிலும் போச்சு. நின்றுகொண்டு கழுவும் சிங்க் வந்தது. கழுவின பாத்திரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

கடைக்காரர் டிரெயின் போர்டு என்பார். நாம் வடிதட்டு என்போம். தொட்டிக்குப் பக்கத்தில், அதே தகட்டில் கோடு கோடாக, தொட்டியைப் பார்த்துச் சரிவாக இருக்கும். அதில் பாத்திரத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப் போகும். மேடை நனையாது, கீழே சொட்டாது, கரப்பான் பூச்சிக்கு ஈரம் கிடைக்காது. தானாகக் காய்ந்த பாத்திரம், நாள் முழுக்க ஈரமாகக் கிடக்கிற துணியால் துடைத்த பாத்திரத்தைவிடச் சுத்தம். ஈரத் துணியில்தான் கிருமி பெருகும்.

அப்படியென்றால் எல்லோரும் வடிதட்டு வைத்ததே வாங்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். முதலில் டேப்பை எடுங்கள்.

மேடையை அளந்து முடிவு செய்யுங்கள்

உங்கள் மேடை ஆறு அடி நீளம் என்று வையுங்கள். 72 அங்குலம். கடையில் பொதுவாகக் கிடைக்கிற அளவுகள் மூன்றைச் சொல்கிறேன்.

தட்டு இல்லாத தொட்டி 24-க்கு 18 அங்குலம். மீதி 48 அங்குலம். இரண்டு பர்னர் அடுப்பு இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். காய் நறுக்க, மாவு பிசைய இடம் இருக்கும்.

தட்டு வைத்தது 37-க்கு 18. மீதி 35 அங்குலம். அடுப்பு வைத்தால் ஒரு முறம் வைக்கும் இடம்தான் மிச்சம்.

தட்டு வைத்ததில் பெரியது 45-க்கு 20. மீதி 27 அங்குலம். அடுப்பு வைத்தால் தீர்ந்தது. காய் நறுக்கத் தரைக்குத்தான் வரணும்.

ஆகவே என் ஆலோசனை இது. மேடை எட்டு அடிக்கு மேல் இருந்தால், அல்லது ட எழுத்து மாதிரி இரண்டு சுவரிலும் மேடை போட்டால், வடிதட்டு வைத்த சிங்கை யோசிக்கலாம். ஆறு அடிக்குள் இருந்தால் தட்டு இல்லாத தொட்டியை வாங்குங்கள். வடிப்பதற்கு வேறு வழி செய்யுங்கள். வழி இரண்டு.

ஒன்று, மாய்யு அம்மாவின் வழி. தொட்டிக்கு நேர் மேலே சுவரில் ஒரு எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு மாட்டுங்கள். சொட்டுகிற தண்ணீர் தொட்டியில் விழட்டும். கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருக்கணும், எக்கி நிற்கும்படி இருக்கக் கூடாது. ஜன்னல் அந்த இடத்தில் வருகிறதா என்று வீடு கட்டும்போதே பாருங்கள்.

இரண்டு, தொட்டிக்குப் பக்கத்து மேடைக் கல்லையே சரிவாகப் பதிப்பது. கடப்பா கல்லோ கிரானைட்டோ, ஒரு அடிக்குக் கால் அங்குலம் தொட்டிப் பக்கம் சரிவு போதும். ஓரத்தில் சின்னக் கரை. காலையில் அங்கே கூடையைக் கவிழ்த்து வையுங்கள். மற்ற நேரம் அதே இடத்தில் காய் நறுக்கலாம். கல் பதிக்கும் முன்பே கொத்தனாரிடம் சொல்ல வேண்டும், பதித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

வடிதட்டு வைத்தது வாங்கினால், தட்டு எந்தப் பக்கம் வரணும் என்றும் பாருங்கள். வலது கையால் தேய்க்கிறவர்கள் பாத்திரத்தை இடது கையில் பிடிப்போம். கழுவியதும் அப்படியே இடப்பக்கம் வைப்பது சுலபம். அழுக்குப் பாத்திரம் வலப்பக்கம், சுத்தமானது இடப்பக்கம். இடது கைக்காரர்களுக்கு நேர்மாறாக.

கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏம்மா, எனக்கு நின்னுகிட்டு தேய்க்கவே வராது. குத்த வச்சு உட்கார்ந்துதான் பழக்கம். எனக்கு எதுக்கு சிங்கு?" நியாயமான கேள்வி. அண்டாவும் இட்லிப் பானையும் எந்த சிங்கிலும் அடங்காது. அதனால் சிங்க் வைத்தாலும், பின்பக்கம் ஒரு குழாயும் சின்ன அங்கணமும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா மாதிரி ஆட்கள் உட்கார ஒரு முக்காலி போட்டால் முட்டிக்கு நல்லது.

உயரமும் ஆழமும்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் இடுப்பு வலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். மேடை அதற்கு மூன்று நான்கு அங்குலம் கீழே இருக்கணும். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு 32 அங்குலம் சுமாராகச் சரியாக வரும். மேஸ்திரி தன் உயரத்துக்குப் போட்டுவிடக் கூடாது. நீங்களே போய் நின்று சுவரில் கோடு போட்டுக் காட்டுங்கள். தொட்டி ஆழம் 8 அங்குலம் என்றால் குனிய வேண்டியதில்லை. 10 அங்குலம் என்றால் தண்ணீர் தெறிக்காது, ஆனால் அடியைத் தொடக் குனியணும். வீட்டுக் குக்கரையும் குடத்தையும் அளந்து, தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் நுழையுமா என்று பார்த்தே குழாய் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

கடையில் ஏமாறாமல் இருக்க

எவர்சில்வரில் ரகம் உண்டு. 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். துரு சுலபத்தில் பிடிக்காது. 202 என்பதில் நிக்கல் குறைவு, விலையும் குறைவு, உப்புத் தண்ணீரில் சீக்கிரம் புள்ளி விழும். "காந்தம் ஒட்டலை பாருங்க, நல்ல எவர்சில்வர்" என்று கடையில் காட்டுவார்கள். 202-லும் காந்தம் பெரிதாக ஒட்டாது. அதனால் ரகத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தகட்டின் கனத்தை கேஜ் என்பார்கள். எண் குறைந்தால் கனம் கூடும். 18 கேஜ் 20 கேஜைவிடக் கனம். வடிதட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், தகரம் மாதிரி அமுங்கினால் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தேங்கி நின்றால் அது வடிதட்டு இல்லை, வெறும் தட்டு. வீட்டு எவர்சில்வர் சிங்குக்கு இந்தியத் தர எண் 13983. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

மணப்பாறை முறுக்கு ருசிக்கு அந்த ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று சொல்வார்கள். முறுக்குக்கு நல்லது சிங்குக்கு ஆகாது. உப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். அந்தப் பக்கத்துக்காரர்கள் ராத்திரி கடைசியாகத் தொட்டியையும் தட்டையும் ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இரும்புத் தோசைக்கல்லை வடிதட்டில் விடாதீர்கள், கல்லும் துருப்பிடிக்கும், தட்டிலும் கறை ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவிடாதீர்கள், தகட்டை அரித்துவிடும்.

தண்ணீர் எங்கே போகும்?

சகோதரிகளே, சிங்கைவிட முக்கியம் இதுதான். தொட்டி பளபளவென்று இருக்கும், பைப்பைத் தெருவில் விட்டிருப்பார்கள். அங்கேயிருந்து கொசு, நாற்றம், பக்கத்து வீட்டோடு சண்டை. காசு குறைவாக இருந்தால் சிங்கில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

சிங்குக்குக் கீழே பாட்டில் டிராப் வையுங்கள். அதில் நிற்கிற தண்ணீர் நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வரவிடாது. ஓட்டையில் சல்லடை வையுங்கள். பைப் வெளியே வரும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டி கட்டினால் எண்ணெயும் பருக்கையும் அங்கே தங்கும், வாரம் ஒருமுறை அள்ளிவிடலாம். அதற்கப்புறம் மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் உறிஞ்சு குழி, உள்ளே உடைகல். கிணறு, அடிபம்பிலிருந்து நாற்பது அடியாவது தள்ளித் தோண்டுங்கள். காவிரி, கொள்ளிடக் கரை ஊர்களில் நிலத்தடி நீர் மேலாக இருக்கும். அங்கே ஆழமாகத் தோண்டாமல் வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் திருப்பிவிடுங்கள்.

இன்னொன்று. மாடு வைத்திருக்கிறவர்கள் கழுநீர்ப் பானையை விட்டுவிடாதீர்கள். அரிசி களைந்த தண்ணீர் சிங்கில் போனால் சாக்கடை, பானையில் சேர்ந்தால் தீவனம்.

நாம் என்ன செய்யலாம்?

சிங்குக்காகத் தனியாகக் கடன் வாங்காதீர்கள். வருமானம் தராத செலவுக்கு வட்டி கட்டுவது நமக்குக் கட்டாது. வீட்டுச் செலவுத் திட்டத்திலேயே சிங்க், டிராப், பைப், உறிஞ்சு குழி நான்கையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே ஊரில் ஐந்தாறு பேர் கட்டுகிறீர்கள் என்றால் குழுவில் தீர்மானம் போட்டு, திருச்சியில் மூன்று கடையில் விலைப்பட்டியல் வாங்கி, சேர்ந்து வாங்குங்கள். பத்து சிங்க் கேட்டால் பேரம் பேசலாம், ஒன்று கேட்டால் அவர் சொன்ன விலைதான்.

கடைக்கு யார் போவது? வீட்டுக்காரரும் மேஸ்திரியும் போய் வண்டியில் ஏற்றி வந்த பிறகு "நல்லாயிருக்கா?" என்று கேட்டால், "நல்லாயிருக்கு" என்றுதான் சொல்ல முடியும். டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். வடிதட்டு வேணுமா வேண்டாமா என்பதை, அதன் முன்னால் நிற்கப்போகிறவர் முடிவு செய்யட்டும். அப்படியே இன்னொரு முடிவும் எடுங்கள். நின்று கழுவும் சிங்க் வந்துவிட்டது, குனிய வேண்டியதில்லை. ராத்திரிப் பாத்திரத்தை வீட்டுக்காரரும் பையனும் கழுவலாமே! கவிழ்த்து வைத்தால் போதும், காய்வது தானாகக் காயும்.

அடுத்த கூட்டத்துக்கு வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் மேடை நீளம், தன் முழங்கை உயரம், வீட்டின் பெரிய பாத்திர அளவு மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே முடிவு செய்வோம்.